சிங்கப்பூருக்குக் களம் பார்க்க வரும் சபைக்குழுக்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து ஊழியக்களம் பார்க்கச் சிங்கப்பூர் வரும் குழுக்களின் பெட்டியில் கைப்பிரதிக் கட்டும் பிரசங்கக் குறிப்பும் எப்படியாவது இடம்பிடித்துவிடும். இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் பயணம் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே. இங்கே மேடையேறிப் பேச வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். இந்த ஊரின் தமிழ்ச் சபைகள் நேற்று முளைத்தவை அல்ல என்பது இன்னொன்று. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் 1885-இல் இங்கே வந்து மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கினார். தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓஃபிர் ரோட்டில் எழுந்த லூர்து மாதா ஆலயம் 1888-இல் திறக்கப்பட்டது. வந்து இறங்கிய மறுநாளே இவர்களுக்கு ஊழியம் கற்றுக்கொடுக்க முற்பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழே உள்ளவை நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுவுக்கானவை. ஆறுக்கு மேல் போனால் எந்த வீட்டுக் கூடத்திலும் உட்கார இடம் இருக்காது, காப்பிக்கடையில் ஒரே மேசையும் கிடைக்காது. சனிக்கிழமை இறங்கி அடுத்த வாரத் திங்கட்கிழமை கிளம்பினால் இரண்டு ஞாயிறும் கையில் இருக்கும். இது முக்கியம். முதல் ஞாயிறில் நீங்கள் விருந்தாளி. எல்லோரும் நல்லதையே சொல்வார்கள். இரண்டாவது ஞாயிறில்தான் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளதைச் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் உள்ளூர்ச் சபை ஒன்றின் அழைப்பைப் பெறுங்கள். உறவினரின் வாட்ஸ்அப் செய்தி அழைப்பு ஆகாது. சபை அலுவலகத்துக்கு எழுதுங்கள். யார் யார் வருகிறோம், எந்தத் தேதிகளில், எதைப் பார்க்க விரும்புகிறோம் என்று ஒரே பக்கத்தில் முடியுங்கள். கடைசியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "மேடையில் பேசவோ, காணிக்கை திரட்டவோ நாங்கள் வரவில்லை." இந்த வரியைப் பார்த்த பிறகுதான் பல போதகர்கள் முழுக் கடிதத்தையும் படிப்பார்கள். ஊரிலிருந்து வந்து, பாடி, சாட்சி சொல்லி, கட்டடநிதி உறையை நீட்டிவிட்டுப் போனவர்களை இங்குள்ள சபைகள் நிறையப் பார்த்துவிட்டன.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் முழுவதும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் பள்ளி விடுமுறை. சபையில் பாதிக் குடும்பங்கள் ஊரில் இருக்காது. சீனப் புத்தாண்டு வாரத்தில் கடைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும். அக்டோபரில் தேர்வுக் காய்ச்சல், பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது. மார்ச் கடைசி முதல் மே வரை, அல்லது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வருவது நல்லது.

இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முகவர் கூலி தனி. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள், அது ஏமாற்று வேலை.

குடிநுழைவு முகப்பில் "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டால் குழுவில் ஒருவர் "சுற்றுலா" என்றும், அடுத்தவர் "ஊழியம்" என்றும் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்கும். "நண்பர்களின் சபையைப் பார்க்க வந்திருக்கிறோம், ஆராதனையில் கலந்துகொள்வோம், பேசப்போவதில்லை" என்பது உண்மையும்கூட. எல்லோரும் அதையே சொல்லுங்கள். அழைப்புக் கடிதமும் தங்கும் இடத்தின் முகவரியும் ஆளுக்கொரு நகலாகக் கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியில் வைக்கக்கூடாதவையும் உண்டு. சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் எதுவும் கூடாது. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ சாப்பிடுபவர்கள், முன்அனுமதி வேண்டுமா என்று சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். மருத்துவர் சீட்டு கையில் இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும்.

பேச்சு எங்கே நிற்க வேண்டும்

இந்தப் பகுதியை மட்டும் குழுவில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

வருகை அனுமதியில் வந்த வெளிநாட்டவர் சமயம் சார்ந்த உரை நிகழ்த்த முடியாது. அதற்கு மனிதவள அமைச்சு தரும் மிசலேனியஸ் வொர்க் பாஸ் வேண்டும். உள்ளூர் அமைப்புதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். அதிகபட்சம் 60 நாள் செல்லும். பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் கேட்டுப் பயனில்லை. சம்பளம் வாங்கவில்லையே என்ற வாதம் எடுபடாது. "ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லுங்க பிரதர்" என்று ஆராதனை நடுவே யாராவது ஒலிவாங்கியை நீட்டினால், எழுந்து வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். அன்பாகக் கேட்டவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். சிறப்புப் பாடல், ஜெபம் நடத்துவது போன்றவற்றையும் சபை அலுவலகத்திடம் முன்பே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னணி உண்டு. 1990-இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு மேலும் இறுகியது. 2009-இல் பிற மதத்தாரைப் புண்படுத்தும் கைப்பிரதிகளை அஞ்சலில் அனுப்பிய ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்கு எட்டு வாரச் சிறை கிடைத்தது. 2017-இல் வேற்று மதங்களை இழிவாகப் பேசியிருந்த இரண்டு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு இந்த அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்து பணியாற்றிய இமாம் ஒருவர் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் பற்றித் தொழுகையில் சொன்ன வாசகத்துக்காக 4,000 வெள்ளி அபராதம் கட்டி, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சட்டம் ஒரு பக்கம் மட்டும் பாய்வதில்லை.

பொது இடத்தில் கூடி நின்று பாடுவது, பிரசங்கிப்பது, கைப்பிரதி கொடுப்பது எதுவும் வேண்டாம். பூங்காவில் ஆறு பேர் வட்டமாக நின்று கைகளை உயர்த்தி ஜெபித்தாலே பார்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நடந்துகொண்டே ஜெபியுங்கள், கண்ணைத் திறந்துகொண்டு.

பண விஷயத்திலும் கவனம் தேவை. வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதிச்சீட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து சபைக்கு ஒரே தடவையில் 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ வந்தால் சபை அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உறையைக் கொடுப்பதும் வாங்குவதும் இந்தப் பயணத்தில் இல்லை என்று முடிவெடுத்துவிட்டால் தலைவலி மிச்சம்.

தங்குவது, சாப்பிடுவது, போய்வருவது

வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடென்றால் குறைந்தது ஆறு மாதம். இணையத்தில் மலிவாகக் காட்டும் "அறை" உங்களையும் வீட்டுக்காரரையும் சேர்த்து மாட்டிவிடும். தேக்கா (லிட்டில் இந்தியா), ஜாலான் புசார் பக்கம் படுக்கைக்கணக்கில் தங்கும் உரிமம் பெற்ற விடுதிகள் உள்ளன. ஓர் இரவுக்கு 30 முதல் 50 வெள்ளிவரை ஆகும். சபை வீடுகளில் விருந்தாளியாக இலவசமாகத் தங்குவது இன்னும் நல்லது. குழு பிரிந்துபோகும் என்று தயங்காதீர்கள். ஒரு குடும்பத்தின் காலை அவசரத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே பாதிப் படிப்பு.

அங்காடி உணவு நிலையத்தில் ஒருவேளைச் சாப்பாடு 4 முதல் 7 வெள்ளிவரை. உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் மேலே ஏறும். ஒரு நாளுக்குச் சாப்பாடும் பயணமும் சேர்த்து ஆளுக்கு 35 வெள்ளி ஒதுக்கினால் போதும். ரயிலுக்கும் பேருந்துக்கும் தொடுகை வசதியுள்ள வங்கி அட்டையையே தட்டலாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது.

அங்காடியில் காலி மேசை மேல் துடைத்தாள் பொட்டலமோ குடையோ இருந்தால் அந்த மேசைக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி அபராதம். வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும். பன்றிக்கறி சாப்பிட்ட தட்டை அதில் வைத்துவிட்டால் பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணனின் முகம் மாறிவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. "தே" கேட்டால் கெட்டிப்பாலும் இனிப்பும் சேர்ந்து வரும். பால் வேண்டாமென்றால் "தே ஓ", இனிப்பே வேண்டாமென்றால் "கோசோங்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஊழியப் பயணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். காப்பிக்கடையில் தடுமாறாமல் கேட்டு வாங்கத் தெரிந்தவரிடம் பக்கத்து மேசைக்காரர் பேச்சுக் கொடுப்பார்.

இறங்கிய சனிக்கிழமை

வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் நடங்கள். சிட்டி ஹால் நிலையத்தில் ஏறி வந்தால் எதிரே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். வெள்ளைப் பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு முறையில் செய்யப்பட்டது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் 1835-இல் கட்டப்பட்ட ஆர்மீனியன் ஆலயம், சிங்கப்பூரின் மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயம். பிறகு வடக்கே நடந்து ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயம், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். கால் வலிக்கும், ஆனால் இந்த ஊருக்குத் தமிழர் எந்தெந்த வழியில் வந்தார்கள் என்பது அன்றைக்கே ஓரளவு பிடிபடும். கட்டடவேலைக் கைதி, துறைமுகத் தொழிலாளி, யாழ்ப்பாணத்து எழுத்தர், செம்பவாங் கடற்படைத் தளத்து ஊழியர், இன்றைய கணினிப் பொறியாளர், கட்டுமான ஊழியர் என்று ஒவ்வோர் அலைக்கும் சபையில் அதன் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால்தான் "நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பிக்காதீர்கள். நான்காம் தலைமுறைச் சிங்கப்பூரரிடம் அப்படிக் கேட்டால் "பொங்கோல்" என்றோ "ஈசூன்" என்றோ இங்குள்ள பேட்டையின் பெயர்தான் பதிலாக வரும், கூடவே ஒரு சிரிப்பும். "இல்ல, சொந்த ஊரு?" என்று விடாமல் துருவினால் சாதி கேட்கிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும். "இந்தச் சபைக்கு எத்தனை வருஷமா வர்றீங்க?" என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

ஞாயிறு காலை

ஆராதனைக்கு 15 நிமிடம் முன்னதாகவே உள்ளே இருங்கள். தமிழ் ஆராதனைகளில் பெண்கள் சேலையிலும் ஆண்கள் முழுக்கால்சட்டையிலும் வருவார்கள். ஆங்கில ஆராதனையில் அரைக்கால்சட்டையையும் பார்க்கலாம், முகம் சுளிக்காதீர்கள். குளிரூட்டி கடுமையாக இருக்கும். சால்வையோ மெல்லிய மேல்சட்டையோ இல்லாதவர்கள் பிரசங்கத்தைவிட நடுக்கத்தையே ஞாபகம் வைத்திருப்பார்கள். காணிக்கைக்குத் திரையில், கைத்தொலைபேசியில் பணம் செலுத்தும் பேநவ் கியூஆர் கட்டம் வரும். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு அது பயன்படாது, 2, 5, 10 வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சபைக்கும் கோபுரம் இருக்கும் என்று தேடாதீர்கள். பல பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் வணிகக் கட்டடத்து மாடியிலோ விடுதி அரங்கிலோ கூடுகின்றன. அத்தகைய இடங்களில் வெளியே சமயப் பலகை வைக்க விதி இடம் தராது. முகவரியோடு மாடி எண்ணையும் அறை எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வாரநாளில் அதே இடத்தில் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

உள்ளே கவனிக்க வேண்டியது மொழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3 ஆக இருந்தது. ஆங்கிலம் 48.3. தமிழ் இங்கே ஆட்சிமொழி, பள்ளிப் பாடம், ரயில் நிலையப் பலகையில் உண்டு. ஆனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆங்கிலம். திரையில் வசனம் எந்த மொழியில் வருகிறது, மொழிபெயர்ப்பாளர் யாருக்காக நிற்கிறார், 20 வயதுக்காரர்கள் எந்த ஆராதனைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். "பிள்ளைங்க தமிழ மறந்துட்டாங்களே" என்று அங்கலாய்ப்பது உங்கள் வேலை அல்ல. அவர்களின் தாத்தா பாட்டி அதைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

18 முதல் 20 வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளைக் காணோமே என்று கேட்கும் குழுக்கள் உண்டு. ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் இருக்கிறார்கள், இரண்டு ஆண்டு. வாரஇறுதியில் முகாமிலிருந்து வருபவர் முதலில் தூங்குவார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் தேநீர் இருக்கும். பீஹூன், சம்பால் ரொட்டி, குவே என்று மேசை நிறைந்திருக்கும். கையில் கோப்பையோடு ஒரே இடத்தில் கும்பலாக நிற்காமல் ஆளுக்கொரு மூலைக்குப் பிரிந்துபோங்கள். வயதான பெண்களை "ஆன்ட்டி" என்று கூப்பிடலாம். போதகரை "பாஸ்டர்" அல்லது "ஐயா". கத்தோலிக்க ஆலயத்தில் "ஃபாதர்". சபையின் உண்மையான நிலவரம் இந்த அரை மணிநேரத்தில்தான் வெளிவரும்.

ஞாயிறு பிற்பகல்: தேக்கா

வெளிநாட்டு ஊழியர்களை, அதாவது இங்கே வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர்களை, பார்க்க வேண்டும் என்பது அநேகமாக எல்லாக் குழுக்களின் பட்டியலிலும் முதல் வரி. இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வதும் அதிகம்.

மாலை மூன்று மணிக்குமேல் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, தேக்கா நிலையம், பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு, பிறகு சிராங்கூன் ரோட்டைக் கடந்து டன்லப் ஸ்திரீட், முஸ்தபா பக்கம் என்று இரண்டு இரண்டு பேராக நடங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பேச்சு காதில் விழும். லெம்பு ரோடு பக்கம் வங்காளம் ஒலிக்கும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசை, முடிவெட்ட வரிசை, ஊருக்குக் காணொளி அழைப்பு, வாரத்துக்கான மளிகை, ஊர்க்காரனோடு ஒரு மணிநேரம். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாள் இதில் கரைந்துவிடும். அதில் 40 நிமிடத்தை யாராவது உங்களுக்குக் கொடுத்தால் அது பெரிய காரியம்.

பேச வேண்டுமென்றால் சாப்பிடும் மேசையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். மூத்தவரென்றால் "அண்ணே", இளையவரென்றால் "தம்பி". "சார்" என்று கூப்பிட்டால் கம்பெனி ஆளோ என்று சுதாரித்துக்கொள்வார். முகவருக்கு எவ்வளவு கட்டினீர்கள், சம்பளம் எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கடனோடு வந்தவர்கள் பலர். ஊரில் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் கைத்தொலைபேசியில் படமே காட்டுவார்கள்.

உங்கள் தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். ஊழியரின் முகத்தைப் படமெடுத்து சபையின் ஃபேஸ்புக்கில் "சிங்கப்பூர் ஊழியத்தில்" என்று போட்டால், அது அவருடைய முதலாளியின் கண்ணில் படலாம், ஊரில் வேற்று மதக் குடும்பத்தின் கண்ணிலும் படலாம். விளைவை அனுபவிப்பவர் அவர், நீங்கள் அல்ல.

2013 டிசம்பர் 8-இல் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் கண்காணிப்பு கூடியது. காவலரோ துணைக்காவலரோ வந்து ஏதாவது கேட்டால் பதற்றமில்லாமல் கடப்பிதழைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.

ஊழியர்கள் தங்கும் விடுதிக்குள் போய்ப் பார்க்கும் ஆசையை விடுங்கள். துவாஸ், கிராஞ்சி, ஜூரோங் விடுதிகளுக்குள் நடத்துநர் அனுமதியின்றி வெளியாள் நுழைய முடியாது. உள்ளூர்ச் சபைகள் பல ஆண்டு உழைத்துப் பெற்ற அந்த அனுமதி, வந்துபோகும் குழு ஒன்றின் ஆர்வக்கோளாறால் பறிபோகலாம். அதற்குப் பதில் ஊழியர்களுக்கான மாலை ஆராதனை நடத்தும் சபை ஒன்றில் கடைசி வரிசையில் உட்காருங்கள். எட்டு மணிக்குள் முடிக்கிறார்களா என்று பாருங்கள். துவாஸ் பக்கம் திரும்ப ஒன்றரை மணிநேரம் ஆகலாம், திங்கள் விடியுமுன் எழுந்தாக வேண்டும். நேரத்துக்கு முடிக்கும் சபைக்கு அவர்கள் மறுவாரமும் வருவார்கள். ஊழியர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ், 2006-இல் கிறிஸ்தவர்கள் தொடங்கிய அமைப்பு. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அவர்களைப் போன்றவர்களின் வேலையைப் பற்றி அறிய வழி கிடைக்கலாம்.

பணிப்பெண்களை மறக்கும் குழுக்களே அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பெண்கள் சபையின் பின்வரிசையில் இருப்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாளை முதலாளி தர வேண்டும். அவர்களிடம் குழுவின் பெண்கள் மட்டும் பேசட்டும். முதலாளியம்மா பக்கத்தில் இருக்கும்போது வேலை பற்றிக் கேட்காதீர்கள்.

வாரநாட்கள்

காலையில் ஒரு சந்திப்பு, மாலையில் ஒரு வீடு. அதற்குமேல் அடுக்கினால் மூன்றாம் நாளே எல்லோரும் தலையாட்டும் பொம்மைகளாகிவிடுவார்கள்.

போதகர்களைச் சந்திக்கும்போது "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்காதீர்கள். பதில் "ஜெபம் பண்ணுங்க" என்று வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். கீழே உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

– எந்த ஊழியத்தைத் தொடங்கி, பிறகு நிறுத்தினீர்கள்? ஏன்?
– கடைசியாக வந்த வெளிநாட்டுக் குழு போன பிறகு இங்கே என்ன மிஞ்சியது?
– தமிழில் பிரசங்கிக்க உள்ளூரில் பயிற்சி பெறுபவர்கள் யார்?
– புதிதாக வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்களும் இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் ஒரே வீட்டுக்கூட்டத்தில் உட்காருகிறார்களா?

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் மௌனம் வரலாம். இடையில் புகுந்து நிரப்பாதீர்கள்.

வீட்டுச் சந்திப்புக்கு முன்பே நேரம் சொல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், பழமோ இனிப்போ கொண்டுபோங்கள், 9 மணிக்குள் கிளம்புங்கள், காலையில் ஆறரைக்குப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து. வீவக நடைபாதையில் ஒரு வீட்டுச் சன்னல் அடுத்த வீட்டு வாசலைப் பார்க்கும். பக்கத்துவீட்டில் மலாய்க்காரர், எதிர்வீட்டில் சீனர், அடுத்த கதவில் மாவிலைத் தோரணம். உரத்த ஜெபமும் கைத்தட்டலும் ஊரில் இயல்பு; இங்கே நீங்கள் போன பிறகு புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். நடைபாதையில் ஊதுபத்திக் கிண்ணம், புல்வெளி ஓரத்தில் காகிதம் எரித்த சாம்பல், படையல் எதையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். சீனரின் ஏழாம் மாதத்தில், ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில், இவை அதிகம். இந்து நண்பரை வீட்டுக்கு வரவழைத்துவிட்டு அவருக்கே தெரியாமல் ஜெபக்கூட்டமாக மாற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நீங்கள் அதற்குக் காரணமாக இருக்காதீர்கள்.

ஒரு நாளைப் பிற சமயங்களைப் பார்க்க ஒதுக்குங்கள். வீரமாகாளியம்மன் கோயில், டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், இரண்டும் தேக்காவிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்துக்கள், கிறிஸ்தவர் ஏறத்தாழ எட்டில் ஒருவர். அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையைக் கண்ணால் பார்க்காமல் களம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை, வெளியே செருப்பு, பூசை நேரத்தில் படம் கிடையாது, நெற்றி சுருக்கி முணுமுணுக்கும் ஜெபமும் கிடையாது. கேள்வி இருந்தால் அங்கேயே மரியாதையாகக் கேட்கலாம், சொல்வார்கள்.

இரவுக் குறிப்பேடு

தினமும் அரை மணிநேரம், படுக்குமுன். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். கண்ணால் பார்த்தது, மற்றவர் சொன்னது, நாமாக நினைத்துக்கொண்டது. மூன்றாவது பத்தியே மற்ற இரண்டையும்விட நீளமாக இருந்தால் மறுநாள் குறைத்துப் பேசுங்கள். ஊழியர்கள், பணிப்பெண்கள் பெயரை எழுத வேண்டாம், "சி.வ., 30 வயது, கட்டுமானம்" என்ற அளவு போதும். குறிப்பேடு ரயிலில் தொலைந்தாலும் யாருக்கும் கேடு வராது.

குழுவுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளில். ஊரில் மேடையில் இருக்கும் அண்ணன் இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தவிப்பார். அவருக்கு வேலை கொடுங்கள்: கணக்கு எழுதுவது, வழி பார்ப்பது, சாப்பாட்டுக்கு மேசை பிடிப்பது.

இரண்டாவது ஞாயிறும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் போன அதே சபைக்கே போங்கள். புதிய சபையைப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட யாராவது இருப்பார்கள். அன்றைய தேநீரை அவசரமில்லாமல் குடியுங்கள்.

கிளம்புமுன் போதகரிடமும் சபைக்குழுவிடமும் ஒரு மணிநேரம் கேட்டு வாங்கி, நீங்கள் புரிந்துகொண்டதை வாய்மொழியாகச் சொல்லுங்கள். தவறென்றால் அங்கேயே திருத்துவார்கள். ஊர் திரும்பி எழுதும் அறிக்கையின் முதல் நகலும் அவர்களுக்கே போக வேண்டும், உங்கள் சபையில் வாசிப்பதற்கு முன்பே. "சிங்கப்பூரில் தமிழ் ஊழியம் இல்லை" என்று திரையில் படம் போட்டுக் காட்டிய அறிக்கைகள் இங்குள்ளவர்கள் கைக்கும் வந்து சேரத்தான் செய்கின்றன. யாரையாவது நிரந்தரமாக அனுப்ப எண்ணமிருந்தால் அந்தப் பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் உள்ளூர்ச் சபையிடமிருந்து, என்ன வேலைக்கு, எந்த மொழியில், யாருக்குக் கீழே, எந்த அனுமதிச்சீட்டில் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.